விலக்கும் விதியும்: இலக்குகளையும் வேண்டுகோள்களையும் சொல்லும் முறை

நம் சேகரக் குழுக்களின் தீர்மானங்களில் "கூடாது", "தவிர்க்கப்பட வேண்டும்", "இனி நேராதபடி" என்னும் சொற்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. ஆலய அறிவிப்புகளிலும் ஆலோசனைகளிலும், ஏன், மன்றாட்டுகளிலும் இவற்றிற்குக் குறைவில்லை. தீமையை விலக்குவது தேவையே. ஆயினும், வேண்டாதது எது என்று அறிவதால் மட்டும் வேண்டியது எது என்று விளங்கிவிடாது. இலக்கை வகுக்கும்போதும் பிறரிடம் ஒன்றைக் கேட்கும்போதும் நாடுவதை உடன்பாட்டுச் சொற்களில் கூறுவது ஏன் தேவை, அதன் எல்லை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிறர் நமக்குச் செய்ய வேண்டுமென்று நாம் விரும்புவதை நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டும் என்று மலைப்பொழிவில் இயேசு கற்பிக்கிறார் (மத். 7:12). தனக்கு வெறுப்பானதைப் பிறருக்குச் செய்யலாகாது என்னும் எதிர்மறை வடிவம் தோபித்து நூலிலும் (4:15), ஹில்லேல் என்னும் யூத அறிஞர் கூறியதாகத் தால்மூது தரும் விடையிலும் காணப்படுகிறது. பிறனை நேசிக்குமாறு உடன்பாட்டு வடிவிலேயே கட்டளையிடும் லேவியராகமம் 19:18 யூத மரபின் செல்வம். ஆதலால் இங்கே இரு சமயங்களை ஒப்பிட்டு ஒன்றைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. இரு வாக்கிய வடிவங்களின் வேறுபாடே கருதத்தக்கது. எதிர்மறை வடிவத்தை ஒன்றும் செய்யாமலேயே நிறைவேற்றிவிடலாம். நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியனும் லேவியனும் அடிபட்டவனுக்கு எத்தீங்கும் இழைக்கவில்லை. அவர்கள் விலகிச் சென்றார்கள், அவ்வளவே.

சீர்திருத்தத் திருச்சபைகளின் போதனை நூல்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தன. 1529இல் வெளிவந்த தமது சிறிய ஞானோபதேசத்தில் லூத்தர், கொலையை விலக்கும் கட்டளைக்குப் பொருள் கூறும்போது, அயலானின் உடலுக்குத் தீங்கு செய்யாதிருப்பதோடு நில்லாமல், அவனுடைய தேவைகளில் எல்லாம் அவனுக்கு உதவுவதையும் சேர்த்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்த நூல்களுள் இதுவும் ஒன்று. 1647இல் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடையும், ஒரு பாவம் விலக்கப்படும் இடத்தில் அதற்கு எதிரான கடமை கட்டளையிடப்படுகிறது என்பதை ஒரு விளக்க நெறியாகவே வகுத்துள்ளது (வினா 99). அறத்தை, விதித்ததைச் செய்தல், விலக்கியதை ஒழித்தல் என இரு கூறாக விளக்கும் பரிமேலழகரும் செய்தலையே முன்வைக்கிறார்.

பவுலின் அறிவுரை இதற்குத் தக்க சான்று. திருடியவன் திருட்டை விட வேண்டும், கைகளால் உழைக்க வேண்டும், வறியோருக்குக் கொடுக்க வேண்டும் (எபே. 4:28). விலக்கு ஒன்று, அதன்பின் விதி இரண்டு. வெறுமையாய் விடப்பட்ட கைகள் பழைய தொழிலுக்கே திரும்பும் என்பதை அவர் அறிந்திருந்தார். பெருக்கப்பட்டும் வெறுமையாய்க் கிடந்த வீட்டிற்கு அசுத்த ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பியதாக இயேசு கூறியதும் (மத். 12:43-45) இவ்வுண்மையையே உணர்த்துகிறது.

உளவியலாரும் இதற்கு அண்மையான ஒன்றைக் கண்டுள்ளனர். டேனியல் வெக்னரும் அவருடைய துணைவர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வெண்கரடியைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று சிலரிடம் கூறப்பட்டது. அந்நினைவு அவர்களுக்கு மீண்டும் மீண்டும் எழுந்தது. பின்னர் நினைக்கலாம் என்று கூறப்பட்டபோது, தொடக்கத்திலேயே அதற்கு இசைவு பெற்றோரைவிட மிகுதியாகவே அவர்கள் அதனை நினைத்தார்கள். விலக்க முயலும் பொருளை மனம் காவல் காக்கிறது. குடியை விட முயல்பவரிடம் "குடிக்காதே" என்று மட்டும் சொல்லி அனுப்பும் ஆயர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு அவர் எங்கே, யாரோடு, எப்பணியில் இருக்கப் போகிறார் என்பதே அடுத்த வினா.

வேண்டுகோளுக்கும் இது பொருந்தும். மார்ஷல் ரோசன்பர்க் தமது நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். அலுவலில் இவ்வளவு நேரம் செலவிட வேண்டாம் என்று மனைவி கணவனிடம் கேட்டாள். சில வாரங்களில் அவன் கோல்ஃப் போட்டியொன்றில் சேர்ந்துவிட்டதாக அறிவித்தான்! தன்னோடும் பிள்ளைகளோடும் ஒரு மாலையையேனும் அவன் கழிக்க வேண்டும் என்பதே அவள் விருப்பம். அதை அவள் சொல்லவில்லை. எரிகோவின் வழியில் இரக்கம் வேண்டிக் கூவிய பர்த்திமேயுவிடம் இயேசு அவனுடைய விருப்பத்தைக் கேட்டார், அவன் பார்வை வேண்டும் என்றான் (மாற். 10:51). நெகேமியாவோ அரசனிடம் எருசலேமைக் கட்ட விடை கேட்டு, காலத்தைக் குறித்து, ஆளுநர்களுக்குக் கடிதங்களையும் வாயில்களுக்கு மரத்தையும் பெயர் சுட்டிக் கேட்டார் (நெகே. 2:5-8).

ஆனால் இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, விலக்க வேண்டியதை இனிய சொற்களால் மூடலாகாது. மனைவியை அடிப்பவனிடம் "அன்பாயிருங்கள்" என்பது போதாது. "அடிக்கக் கூடாது" என்றே முதலில் சொல்ல வேண்டும். அடிபடுகிறவளின் "வேண்டாம்" என்னும் சொல்லைத் திருத்த நமக்கு உரிமையில்லை. இரண்டாவது, உடன்பாட்டுச் சொல் மந்திரமன்று. சொன்னதாலேயே கைகூடும் என்று போதிப்போரோடு நமக்கு உடன்பாடில்லை. கர்த்தருடைய ஜெபம் சோதனையையும் தீமையையும் விலக்க வேண்டுகிறது. ஆனால் தேவ நாமம், அரசு, சித்தம், அப்பம் ஆகியவற்றிற்குப் பின்னரே.

நான்காம் நூற்றாண்டின் எருசலேமில் திருமுழுக்குப் பெறுவோர் மேற்கு நோக்கி நின்று சாத்தானைத் துறந்தனர். பின் கிழக்கு நோக்கித் திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட்டனர். மேற்கு நோக்கியே நின்றுவிட்டால் சடங்கு முற்றுப்பெறாது. நம் தீர்மானங்களும் அவ்வாறே. "வாலிபர் சபையை விட்டு விலகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதுவதற்குப் பதிலாக, "வாரந்தோறும் இரு வாலிபர் திருமறைப் பாடம் வாசிப்பர், மூப்பர் ஒருவர் அவர்களை ஆயத்தப்படுத்துவார்" என்று எழுதலாம். கையொப்பமிடுமுன் ஒரு வினா போதும்: இத்தீர்மானத்தை ஒன்றும் செய்யாமலேயே நிறைவேற்ற முடியுமா? முடியுமெனில், அதனை மீண்டும் எழுதுவது நம் கடமை.