எந்த அட்டை சிறந்தது?



கைதேர்ந்த நெசவாளர் ஒருவர் தனித் தறியில் நுணுக்கமான பூவேலை நெய்வது ஒரு முறை. குமாரபாளையத்து விசைத்தறிக் கூடங்களிற் போலப் பல தறிகள் ஒரே எளிய வேலையைச் செய்து துணியைக் குவிப்பது மற்றொரு முறை. கணிப்பொறியின் மையச் செயலி முன்னதைப் போன்றது. வரைகலை அட்டை எனப்படும் கிராஃபிக்ஸ் கார்டு பின்னதைப் போன்றது. திரையிலுள்ள இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒருங்கே நிறம் கணக்கிடுவது அதன் தொழில். அத்திறனே அறிவியற் கணக்கீட்டுக்கும் உதவுகின்றது.

விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகன் அண்மையில் என்னிடம் வந்தான். "ஐயா, அப்பா பணம் தருகிறார். எந்த அட்டை சிறந்தது?" என்றான். "எதற்குச் சிறந்தது என்று முதலிற் சொல், தம்பி" என்றேன்.

இத்துறையில் முதன்மையான போட்டியாளர் இருவர். 1993-இல் தோன்றிய என்விடியா ஒன்று, 2006-இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தை வாங்கிய ஏ.எம்.டி. மற்றொன்று. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த இரு அட்டைகளை எடுத்துக்கொள்வோம். இவற்றினும் புதியன பின்னர் வந்துள்ளன. ஆயினும் ஒப்பிடும் முறை மாறவில்லை.

என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4080-இல் கணக்கிடும் உள்ளகங்கள் 9,728. நினைவகம் 16 ஜிகாபைட். மின்தேவை 320 வாட். அறிவித்த விலை 1,199 டாலர். ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 7900 எக்ஸ்.டி.எக்ஸ். அட்டையில் இவை முறையே 6,144, 24 ஜிகாபைட், 355 வாட், 999 டாலர்.

உள்ளகங்களின் எண்ணிக்கை கண்டு மயங்கலாகாது. தறியின் அகலமும் வேகமும் அறியாது, தறிகளை மட்டும் எண்ணித் துணியை அளக்க இயலுமா? சாதாரண விளையாட்டுகளில் இவ்விரண்டும் ஏறத்தாழச் சமமே. ஒளிக்கதிரின் வழியைப் பின்தொடர்ந்து நிழலும் பிரதிபலிப்பும் காட்டும் ரே டிரேசிங் முறையில் முன்னது முந்துகின்றது.

கணக்கீட்டில் நிலைமை வேறு. என்விடியா 2006-இல் அறிமுகப்படுத்திய கூடா என்னும் மென்பொருள் தளத்தை நம்பியே பல நிரல்கள் எழுதப்பட்டன. ஏ.எம்.டி.யின் ராக்எம் 2016-இல்தான் வந்தது. ஆனால் 16 ஜிகாபைட்டில் அடங்காது 24-இல் அடங்கும் பெரிய மொழி மாதிரிக்குப் பின்னதன் நினைவகமே துணை.

அம்மாணவன் பயிலும் நிரல்கள் கூடாவை வேண்டுவன. எனினும் அவனுக்கு 4080 தேவைப்படவில்லை. அதே குடும்பத்துச் சிறிய அட்டையிலும் கூடா இயங்கும். தந்தையின் உழைப்பில் பெரும்பகுதி மிஞ்சிற்று.

ஆகவே, மாணவர்களே, வேலையை முதலில் அறியுங்கள். கருவியைப் பின்னர்த் தேடுங்கள்.