பிஞ்சு நெஞ்சின் முதல் பிரிவு

ஜூன் திங்கள் பிறந்துவிட்டால் ஆரணி நகரின் காலைப் பொழுதில் ஒரு மாறுதல் தென்படுகிறது. விடியற்காலையில் தெருவில் பட்டுப் பாவை நீள விரித்து இழை பார்க்கும் நெசவாளர் வழக்கம்போல் இருப்பர். தறிகளின் ஓசையும் வழக்கம்போல் எழும். ஆனால் 9 மணி அளவில் அவ்வோசையோடு வேறொரு குரலும் கலந்துவிடும். அங்கன்வாடிக்கும் மழலையர் பள்ளிக்கும் முதன்முதலாக அழைத்துச் செல்லப்படும் குழந்தைகளின் அழுகுரலே அது.

இவ்வழுகையை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ‘நாலு நாள் அழும், பிறகு சரியாகிவிடும்’ என்று பெரியோர் ஆறுதல் கூறுவர். பெரும்பாலும் சரியாகிவிடுவதும் உண்மையே. ஆயினும் எவ்வாறு சரியாகிறது என்பதைப் பெற்றோர் சிந்தித்தல் நன்று. குழந்தை நம்பிக்கை கொண்டு அழுகையை நிறுத்தியதா, அல்லது அழுது பயனில்லை என்று கண்டு நிறுத்தியதா? இவ்விரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை நாம் கற்றுக்கொண்டது நம்முடைய தவறு ஒன்றினால்தான்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலையில் ஒரு மழலையர் பள்ளியின் வாயிலைக் கடந்து சென்றுகொண்டிருந்தோம். நமது பங்கைச் சேர்ந்த நெசவாளர் குடும்பத்துத் தாய் ஒருவர் அங்கே தவித்து நின்றார். மூன்று வயது நிரம்பிய அவருடைய மகன் முந்தானையைப் பற்றிக்கொண்டு கதறினான். வீட்டிலே கணவர் தறியில் அமர்ந்திருக்கிறார். முகூர்த்த நாளுக்கு முன்பு புடவையை முடித்துக் கொடுக்கவேண்டும். தார் சுற்றிக் கொடுக்க வேறு ஆள் இல்லை. அத்தாயின் பார்வை நம்மிடம் உதவி வேண்டியது.

நாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டோம். “அதோ பார், கூரைமேல் எத்தனை புறா!” என்றோம். அவன் தலையைத் திருப்பிய நேரத்தில் தாய் மறைந்துவிட்டார். “அம்மா மிட்டாய் வாங்கப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார்” என்றும் சொல்லிவைத்தோம். அழுகை நின்றது. நல்ல காரியம் செய்துவிட்டதாக எண்ணி நம் வழியே சென்றோம்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம் வெள்ளை அங்கியைக் கண்ட அச்சிறுவன் தன் பாட்டியின் பின்னே ஒளிந்துகொண்டான். வீட்டிலோ, தாய் குழாயடிக்குச் செல்லவும் விடுவதில்லையாம். இரவில் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் உறங்குகிறானாம். காரணம் என்னவாயிருக்கும் என்று கேட்டோம். படிப்பறியாத அந்தப் பாட்டி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சாமி, பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் பயப்படலை. திரும்பிப் பார்க்கிறதுக்குள்ளே அம்மா இல்லாமப் போயிடுவாளோன்னு பயப்படுது.”

குருமடத்தில் பல ஆண்டுகள் பயின்ற நமக்கு அன்று அந்த மூதாட்டி ஆசிரியரானார்.

அழுகை குறையன்று

பிறந்து ஏறக்குறைய 8 மாதம் ஆனதும் குழந்தை தன் தாயை மற்றவரிடமிருந்து தெளிவாகப் பிரித்தறிகிறது. அப்போதே பிரிவச்சமும் தோன்றுகிறது. ஒன்றரை வயது வரையில் அது மிகுந்திருக்கும். மூன்று வயதை ஒட்டி மெல்லத் தணியும். ஆனால் இடம் புதிது, முகங்கள் புதியன, ஒலியும் மணமும் புதியன என்றால், தணிந்த அச்சம் மீண்டும் தலைதூக்கும். ஆகவே வாயிலில் அழும் குழந்தை பிடிவாதக் குழந்தையன்று; செல்லம் கொடுத்துக் கெட்ட குழந்தையுமன்று. அன்பு கொள்ளக் கற்ற குழந்தை அது.

நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கு இம்மாற்றம் இன்னும் பெரிது. தறியின் அருகே கட்டிய தூளியில் அது வளர்ந்தது. தறியின் ஓசையே அதற்குத் தாலாட்டு. தாயும் தந்தையும் வேலையில் மூழ்கியிருந்தாலும் கண்ணெதிரே இருந்தனர். அலுவலகம் செல்லும் பெற்றோரின் குழந்தை சிறு சிறு பிரிவுகளைப் பழகியிருக்கும். இக்குழந்தையோ ஒரு நாளும் பிரிந்ததில்லை.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-ஆம் ஆண்டில் ஒரு திரைப்படத்தை வெளியிட்டார். மருத்துவமனையில் தாயைப் பிரிந்து 8 நாள் இருந்த இரண்டு வயதுச் சிறுமியின் நிலையை அதில் பதிவுசெய்திருந்தார். இவ்வாறு பிரிந்த குழந்தைகள் முதலில் அழுது எதிர்க்கின்றன, பின்பு சோர்ந்துவிடுகின்றன, அதன்பின் எவரிடமும் ஒட்டாமல் அமைதியாகிவிடுகின்றன என்று அவர் கண்டார். ‘குழந்தை பழகிவிட்டது’ என்று அதுவரை மருத்துவமனையார் மகிழ்ந்தது இந்த அமைதியைக் கண்டுதான். சில மணி நேரப் பள்ளிப் பிரிவு அத்துணைக் கொடியதன்று. எனினும் அமைதியெல்லாம் நிறைவு ஆகாது என்னும் பாடம் நமக்கும் உரியதே.

அன்னா காட்டும் வழி

திருநூலில் ஒரு தாய் தன் சின்னஞ்சிறு மகனைப் பிறர் பொறுப்பில் விட்ட நிகழ்ச்சி சாமுவேல் முதல் நூலில் வருகிறது. அன்னா தவமிருந்து பெற்ற சாமுவேலை ஆண்டவருக்குக் கொடுப்பதாக நேர்ந்திருந்தார். ஆயினும் அவசரப்படவில்லை. குழந்தை பால்குடி மறக்கும்வரை நான் வரமாட்டேன் என்று கணவரிடம் தெரிவித்தார். எல்கானாவும் அதற்கு இசைந்தார். காலம் வந்ததும் வேறொருவர் வழியாக அனுப்பாமல், தாமே சீலோவுக்கு அழைத்துச் சென்று, குரு ஏலியிடம் நேரில் பேசி ஒப்படைத்தார். அத்துடன் மறந்துவிடவுமில்லை. ஆண்டுதோறும் ஒரு சிறிய அங்கியைச் செய்து எடுத்துக்கொண்டு மகனைக் காண வந்தார்.

துணி நெய்யும் ஊரில் வாழும் நமக்கு இந்தச் சிறிய அங்கி பெரிய செய்தி கூறுகிறது. அன்னா காலம் பார்த்தார். கணவரோடு கலந்து பேசினார். கையோடு கை ஒப்படைத்தார். தவறாமல் திரும்பி வந்தார். குழந்தையைப் பள்ளிக்கு விடும் பெற்றோருக்கு வேண்டிய நான்கும் இவையே. பெற்றோரே குழந்தைகளின் முதன்மையான கல்வியாளர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டில் போதித்தது. அக்கல்வியின் முதல் பாடம் பள்ளியின் உள்ளே நடப்பதில்லை, வாயிலிலேயே நடந்துவிடுகிறது.

அனுப்புவது தவறா?

‘அழுகிற குழந்தையை அனுப்பத்தான் வேண்டுமா?’ என்று சில தாய்மார் கேட்கின்றனர். அனுப்புவது தவறன்று. ஒரு காலத்தில் நம் பகுதியில் சிறுவர் பள்ளி காணாமலேயே பட்டுத் தறிக்குக் கைகொடுக்கச் சென்றனர். அந்நிலை மாறுவதற்குப் பலர் பாடுபட்டுள்ளனர். 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமே அங்கன்வாடிகளைத் தந்தது. 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தைக்கும் மதிய உணவு அளித்தது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பெற்றன. கடன் பட்டுக் கட்டணம் செலுத்தினால்தான் அன்புள்ள பெற்றோர் என்று எண்ணவேண்டியதில்லை. எடை பார்த்து, உணவு ஊட்டி, ஆடிப்பாடி விளையாடச் செய்யும் இடம் எதுவாயினும் நல்ல இடமே.

மரிய மாந்தசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907 ஜனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று, உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றி இருந்த பிள்ளைகளுக்காக எழுந்தது அவ்வில்லம். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். தன் வேலையைத் தானே செய்யக் கற்ற குழந்தை துணிவு பெறுகிறது என்பது அவர் கண்ட உண்மை. மூன்று வயதில் பிள்ளை பக்கம் பக்கமாக எழுதவேண்டும் என்று ஆசிரியையை நெருக்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

செய்யத்தக்கவை

தறியில் பழைய பாவு முடியும்போது நெசவாளர் என்ன செய்கிறார்? அதை அறுத்தெறிந்துவிட்டுப் புதிய பாவை மாட்டுவதில்லை. பழைய இழைகளின் நுனியோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார். வீட்டையும் பள்ளியையும் அவ்வாறே பிணைக்கவேண்டும்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, குழந்தையைப் பாட்டியிடமோ அத்தையிடமோ அரை மணி நேரம் விட்டுச் சென்று, சொன்னபடி திரும்பி வாருங்கள். பள்ளியைக் கொண்டுபோய்க் காட்டி, ஆசிரியையின் பெயரைச் சொல்லிப் பழக்குங்கள். தானே உண்ணவும், கழிவறைக்குப் போகவேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லவும் கற்பியுங்கள். இரவில் நேரத்தோடு உறங்கச் செய்யுங்கள்.

முதல் நாள்களில் கூடுமானால் பாதி நேரத்திலேயே அழைத்து வாருங்கள். தாயின் பழைய நூல் சேலைத் துண்டு ஒன்றைக் கைக்குட்டையாகக் கொடுத்தனுப்பினால், அந்த மணமே குழந்தைக்குத் துணையாகும்.

வாயிலில் நெடுநேரம் நிற்கவேண்டாம். மறைந்து ஓடவும் வேண்டாம். குனிந்து, குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்து, எப்போது வருவீர்கள் என்று சொல்லுங்கள். மணிக்கணக்கு அதற்குப் புரியாது. ‘நீ சோறு சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் அம்மா வருவேன்’ என்றால் புரியும். பிறகு ஆசிரியையின் கையில் அதன் கையைக் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். அது அழுதாலும் நடவுங்கள். உண்மை சொல்லிவிட்டுப் போகும் தாயைக் கண்டு அழும் குழந்தை, மாலையில் அவர் வந்ததும் ஒரு பெரிய பாடம் கற்கிறது. தமிழர் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றே சொல்வோம். அந்தச் சொல்லில் ‘வருகிறேன்’ என்பதே வாக்குறுதி. அதைக் காப்பாற்றுங்கள்.

தந்தையரே, இது தாயின் வேலை மட்டும் என்று தறியில் அமர்ந்துவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாளாவது நீங்கள் அழைத்துச் செல்லுங்கள். தந்தையோடு செல்லும்போது அழாமல் செல்லும் குழந்தைகளும் உண்டு.

மாலையில் ‘அழுதாயா? அடித்தார்களா?’ என்று விசாரணை நடத்தவேண்டாம். மடியில் வைத்துக்கொண்டாலே போதும். அது தானாகச் சொல்லும். சில நாள் படுக்கையை நனைக்கலாம், விட்டுப்போன விரல் சூப்பும் பழக்கம் திரும்பலாம். திருநாள் விடுமுறைக்குப் பின் அழுகை மீண்டும் தோன்றலாம். இவற்றுக்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். ‘டீச்சரிடம் சொல்லிவிடுவேன்’, ‘சாமியாரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்’ என்று மிரட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். யாரிடம் அடைக்கலம் தேடவேண்டுமோ அவர்களையே பூச்சாண்டி ஆக்கலாமா?

ஒரு மாதம் கடந்தும் அழுகை குறையவில்லை, உணவு செல்லவில்லை, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் நடுங்குகிறது, உடலில் காயம் தென்படுகிறது என்றால், ‘பழகிவிடும்’ என்று வாளாவிராதீர்கள். நேரில் சென்று பாருங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். சில வேளைகளில் குறை குழந்தையிடம் அன்று, இடத்தில் இருக்கும்.

இறுதியாக ஒன்று

அச்சிறுவன் என்னவானான் என்று அறிய விரும்புவீர்கள். அத்தாய் மறுபடி தொடக்கத்திலிருந்து தொடங்கினார். ஒரு வாரம் பாட்டி பள்ளித் திண்ணையில் அமர்ந்திருந்தார். ஒவ்வொரு நாளும் தாய் சொல்லிச் சென்றார், சொன்ன நேரத்தில் வந்தார். ஒரு நாள் புடவை வேலை நெருக்கியபோது, “இன்றைக்கு அம்மா வரமாட்டேன், அப்பா வருவார்” என்று முன்னதாகவே சொல்லிவிட்டார். நான்காம் வாரத்தில் அவனே கையசைத்து உள்ளே சென்றான்.

நம்மிடம் அவன் வருவதற்கு மேலும் பல மாதம் ஆயிற்று. ஒரு நாள் இல்லம் சந்திக்கச் சென்று திரும்பும்போது, தறிக்குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு, “நாளைக்கு வருவீங்களா, சாமி?” என்று கேட்டான். ‘வருவேன்’ என்று சொல்லிச் சிரிக்க வைப்பது எளிதாயிருந்தது. “நாளைக்கு வரமாட்டேன்; புதன்கிழமை வருவேன்” என்றோம். அந்தப் புதன்கிழமை மழை பெய்தது. குடையை எடுத்துக்கொண்டு சென்றோம். அவன் வாசற்படியில் அமர்ந்திருந்தான்.

அன்பான பெற்றோர்களே, கடவுள் வாக்கு மாறாதவர் என்று ஞாயிறுதோறும் நாம் பீடத்திலிருந்து போதிக்கிறோம். வாக்கு மாறாமை என்றால் என்ன என்பதை உங்கள் குழந்தை முதலில் கற்பது பள்ளி வாயிலில் உங்களிடமிருந்துதான். ‘போய் வருகிறேன்’ என்று சொல்லுங்கள்; சொன்னபடி வாருங்கள்.