ஓடாத வாகனத்துக்கும் ஓடும் வரி

களனி கங்கை கடலோடு சேரும் இடமாதலால் அந்தப் பகுதிக்கு முகத்துவாரம் என்று பெயர். அங்கும், அடுத்துள்ள மட்டக்குளி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளிலும், வடக்கிலும் கிழக்கிலும் வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்த கமக்காரக் குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாடகை அறைகளில் வாழ்ந்து வந்திருக்கின்றன. சிலர் ஊர் திரும்பினர். சிலர் பிள்ளைகளின் படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் இங்கேயே தங்கிவிட்டனர்.

விட்டு வந்தவை எவை என்று கேட்டால் முதலில் காணியைச் சொல்வார்கள். பிறகு வீடு, கிணறு, மாடு, பனை. கொட்டிலில் நின்ற வாகனத்தின் நினைவு கடைசியாகத்தான் வரும். அது ஒரு பழைய ஒஸ்ரின் காராக இருக்கலாம். லாண்ட்மாஸ்ரராக, உழவு இயந்திரமாக, மோட்டார் சைக்கிளாக இருக்கலாம். "அது இப்போது துருவாகிப் போயிருக்கும்" என்று கையை விரிப்பார்கள். வாகனம் துருவாகலாம். ஆனால் அதன் இலக்கத்துக்கு உரிய கோப்பு அரச கந்தோரில் துருப்பிடிப்பதில்லை. அந்தக் கோப்பில் வரி நிலுவை ஏறிக்கொண்டே இருக்கக்கூடும். இது நம்மில் பலரும் கவனியாது விட்ட விடயம் என்பதால் இங்கே சற்று விரிவாகவே பேசுவோம்.

வாகனங்கள் ஏன் நின்றன?

சோம்பலால் யாரும் வாகனத்தை நிறுத்தவில்லை. 1990 யூன் மாதம் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோலில் இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. புதிய வகை வாகனங்கள் அதற்கு ஒத்துவராமல் கொட்டிலிலேயே நின்றன. கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து வெளியேறியவர்கள் காரையோ உழவு இயந்திரத்தையோ படகில் ஏற்றி வர முடியுமா? 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோதும் எரிபொருள் இல்லாத வாகனங்கள் அப்படியே விடப்பட்டன.

2002இல் ஏ-9 பாதை திறந்தபோது சிலர் சென்று தங்கள் வாகனங்களைப் பார்த்தார்கள். 2006 ஆகஸ்டில் அந்தப் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2009இல் வன்னியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை சென்ற மக்கள் உழவு இயந்திரங்களையும் மோட்டார் சைக்கிள்களையும் வீதியோரத்திலேயே விட்டு வெளியேற நேர்ந்தது. எரிந்தவை போக எஞ்சியவற்றைப் பின்னர் பத்திரங்களைக் காட்டி மீட்டுக்கொண்டவர்களும் உண்டு. பத்திரம் இல்லாதவர்கள் தமது வாகனத்தைக் கண்ணால் கண்டும் உரிமை கோர முடியாமல் திரும்பினார்கள்.

இரண்டு கந்தோர், இரண்டு கோப்பு

நம் நாட்டில் ஒரு வாகனத்துக்கு இரண்டு கோப்புகள் உண்டு. இதை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, பதிவுக் கோப்பு. இது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருக்கிறது. வாகனம் எந்த ஊரில் நின்றாலும் அதன் சொந்தக்காரர் யார், சேசிஸ் இலக்கம் என்ன, என்ஜின் இலக்கம் என்ன என்ற விபரங்கள் அங்கே பதியப்பட்டிருக்கும். நாம் 'வாகனப் புத்தகம்' என்று சொல்லும் பதிவுச் சான்றிதழ் அங்கிருந்து வருவதே.

இரண்டாவது, வரிக் கோப்பு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய வருமான அனுமதிப்பத்திரம் இதைச் சேர்ந்தது. சனங்கள் 'வரிப் பத்திரம்' என்றும் 'லைசன்ஸ்' என்றும் சொல்வது இதைத்தான். இந்த வருமானம் மாகாண சபைகளுக்கு உரியது. பத்திரத்தைப் பிரதேச செயலகங்கள் வழங்குகின்றன. முகத்துவாரத்தில் வசிப்பவருக்குக் கொழும்புப் பிரதேச செயலகம். வெள்ளவத்தையில் வசிப்பவருக்குத் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகம். வாகனம் வடக்கில் பதியப்பட்டிருந்தால், பழைய நிலுவைக் கணக்கு அங்குள்ள செயலகத்தின் ஏட்டிலும் இருக்கக்கூடும்.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருவோம். இவ்வரிக்கு அடிப்படையாக இருப்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். நடப்பு வருமான அனுமதிப்பத்திரம் இல்லாமல் வாகனத்தைப் 'பாவிக்கலாகாது' என்று மட்டும் அது சொல்லவில்லை. 'வைத்திருக்கலாகாது' என்றும் சொல்கிறது. தெருவில் ஓட்டினால்தானே வரி என்று நினைப்பது இங்கேதான் பிழைக்கிறது. கொட்டிலில் நிற்கும் வாகனமும் உங்கள் வசம் உள்ள வாகனமே. அதைப் பாவிக்கவில்லை என்று நீங்கள் அறிவிக்கும் வரை, கந்தோர் அதை ஓடும் வாகனமாகவே கணக்கில் எடுக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக் கட்டணம் 1,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் விட்டால் 10,000 ரூபாய். அதற்குமேல் பிந்தியதற்கான தண்டப்பணமும் சேரும். துருப்பிடித்த லாண்ட்மாஸ்ரரின் பழைய இரும்பு விலையே அந்த அளவு வராது போகலாம். கிடைக்க வேண்டிய காசு கடனாக மாறுவது இப்படித்தான்.

பாவனையில் இல்லை என்று அறிவித்தல்

வாகனத்தைப் பாவிக்காத காலத்துக்கு அதனை முன்கூட்டியே அறிவிக்க நம் சட்டத்தில் இடம் உண்டு. நடப்புப் பத்திரத்தின் காலம் முடியுமுன் பிரதேச செயலகத்துக்குச் சென்று, வாகனம் எங்கே நிற்கிறது, எப்போதிலிருந்து பாவிக்கப்படாது என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டோ, திகதி முத்திரை குத்திய பிரதியோ பெறாமல் வரக் கூடாது. அறிவித்துவிட்டு வாகனத்தைத் தெருவில் இறக்கினால் அது வேறு குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மற்ற நாடுகளிலும் இப்படியொரு வழி உண்டு. பிரித்தானியாவில் 1998 முதல், வாகனத்தைத் தெருவில் பாவிக்கவில்லை என்று சொந்தக்காரர் முறைப்படி அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் வரியும் கட்டாமல் விட்டால் தண்டம் வரும். இலண்டனில் உள்ள உறவினரைக் கேட்டால் சொல்வார்கள். தமிழ்நாட்டிலும் வாடகை வாகனத்தை ஓட்டாமல் நிறுத்தி வைப்பவர் அதை முன்கூட்டியே அதிகாரிக்கு அறிவிக்கும் வழக்கம் உண்டு. எங்கும் விதி ஒன்றுதான்: நிற்பதை அறிவிப்பது சொந்தக்காரரின் பொறுப்பு.

"குண்டு விழுந்த இரவில் எந்தக் கந்தோருக்குப் போய் அறிவிப்பது?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. அந்தக் காலத்து நிலுவையை இன்று தீர்ப்பதற்கு, நிலைமைக்கு ஏற்றபடி வெவ்வேறு வழிகள் உண்டு.

உங்கள் நிலைமை எது?

வாகனம் இன்னும் திருத்தக்கூடியதாக இருந்தால், முதலில் நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்ன தொகையை நம்பிக் காசு புரட்டாதீர்கள். புதிய பத்திரம் பெறுவதற்கு நடப்புக் காப்புறுதி தேவை. கார் போன்றவற்றுக்குப் புகைச் சோதனைச் சான்றிதழும் தேவை. பத்திரம் இல்லாத வாகனத்தை ஓட்டிக்கொண்டு சோதனைக்குப் போனால் பொலிசார் மறித்து வழக்கு எழுதலாம். லொறியில் ஏற்றிச் செல்வது செலவென்றாலும் பாதுகாப்பானது.

வாகனம் எரிந்தோ நொறுங்கியோ போயிருந்தால், பதிவை இரத்துச் செய்யும்படி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு இரத்தாகும் வரை அந்த இலக்கம் உங்கள் பெயரிலேயே உயிரோடிருக்கும். கிராம உத்தியோகத்தரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, சமாதான நீதவான் முன்னிலையில் செய்த சத்தியக் கடதாசி, இருந்தால் ஒரு படம் என்பன உதவும். எந்த ஆண்டில் எந்த இடத்தில் வாகனம் அழிந்தது என்பதைக் குறிப்பிட்டு, அந்த நாளுக்குப் பிந்திய நிலுவையைப் பற்றி முடிவு தரும்படி பிரதேச செயலாளரிடம் தனியாக எழுதிக் கேளுங்கள்.

வாகனப் புத்தகம் தொலைந்திருந்தால் மனந்தளர வேண்டாம். ஊரில் கச்சேரி எரிந்தாலும் பதிவு விபரம் கொழும்பில் இருக்கிறது. வாகன இலக்கம் நினைவிருந்தால் கட்டணம் செலுத்திப் பதிவு விபரத்தின் பிரதியைப் பெறலாம். இலக்கம் நினைவில்லாதவர்கள் பழைய காப்புறுதித் துண்டு, கராஜ் பற்றுச்சீட்டு, கலியாணப் படத்தில் தெரியும் இலக்கத் தகடு ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள்.

சொந்தக்காரர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழுடன் வாரிசுரிமையையும் காட்ட வேண்டும். காணாமற்போயிருந்தால் குடும்பத்தின் துயரம் பெரிது. சட்டச் சிக்கலும் பெரிது. இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க மனம் வராத தாய்மாரும் மனைவிமாரும் நம்மிடையே பலர். மரணங்களைப் பதிவுசெய்யும் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2010இல் வந்தது. 2016ஆம் ஆண்டின் திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெற வழி செய்தது. கணவனின் பெயரில் உள்ள மோட்டார் சைக்கிளையோ உழவு இயந்திரத்தையோ பராமரிக்க நினைக்கும் மனைவி, இந்தச் சான்றிதழுடன் சட்ட உதவி நாடலாம். இறந்துவிட்டார் என்று கையொப்பமிட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

தரகர் வாசலில் நிற்கும்போது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை மிகவும் ஏறியது. கொட்டிலில் நிற்கும் காரையும் விசாரித்து வரும் தரகர்கள் உண்டு. "வரி கட்டவில்லையா? பரவாயில்லை, பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன்" என்பார்கள். நிலுவைக்குப் பயந்த குடும்பம், கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடும்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமல் கைமாற்றும் இந்த முறைக்குத்தான் 'ஓப்பன் பேப்பர்' என்று பெயர். வாகனம் நாலு கை மாறினாலும் கந்தோர் ஏட்டில் சொந்தக்காரர் நீங்களே. வரி நிலுவை உங்கள் பெயரில் ஏறும். விபத்தோ குற்றமோ நடந்தால் பொலிசார் முதலில் தேடி வருவதும் உங்கள் வீட்டுக்கே. இடம்பெயர்ந்து வந்து கொழும்பில் தங்கியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாசலில் பொலிசார் வந்து நின்றால் என்னவாகும் என்பதை நாம் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

ஆகவே விற்பதானால் முறைப்படி விற்றுவிடுங்கள். விற்பவர் கொடுக்கும் எம்.ரி.ஏ. 6 படிவத்தையும், வாங்குபவர் கொடுக்கும் எம்.ரி.ஏ. 8 படிவத்தையும் நிரப்பி, வாகனம் கைமாறி 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். நிலுவையை யார் கட்டுவது என்பதை விலை பேசும்போதே தீர்த்து எழுதுங்கள். நிலுவை இருப்பதால் விலை குறையலாம். அந்தக் குறைவு கட்ட வேண்டிய தொகையை விட அதிகமாக இருக்கக் கூடாது. அதற்காகவே கணக்கை முதலில் எழுத்தில் கேட்கச் சொன்னோம்.

பெயர் சரியாக இருப்பதன் பயனை 2022இல் பலரும் கண்டார்கள். எரிபொருள் தட்டுப்பாட்டின்போது அனுமதி அட்டைக்குப் பதிவதற்கு வாகன இலக்கமும் சேசிஸ் இலக்கமும் கேட்கப்பட்டன. புத்தகம் கையில் உள்ளவர்கள் சில நிமிடத்தில் பதிந்தார்கள். மற்றவர்கள் பழைய சொந்தக்காரரைத் தேடி அலைந்தார்கள்.

தமிழிலேயே எழுதுங்கள்

கொழும்புக் கந்தோர்களில் மொழி தெரியாமல் கூசி நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழி. மேல் மாகாணத்திலும் அரச கந்தோருக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. கடிதத்தில் வாகன இலக்கம், சொந்தக்காரரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கடைசியாகப் பத்திரம் எடுத்த ஆண்டு, இடம்பெயர்ந்த ஆண்டு, இப்போது வாகனம் உள்ள இடம், நீங்கள் கேட்பது என்ன என்பவற்றைச் சுருக்கமாக எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும்.

காணி உறுதியைப் பெட்டியின் அடியில் துணியில் சுற்றிக் காத்து வந்த கைகள் நம் கைகள். வாகனப் புத்தகத்தையும், வரிப் பத்திரத்தையும், பாவனையில் இல்லை என்று அறிவித்த பற்றுச்சீட்டையும் அதே பையில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து, வேறு வீட்டில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். முதல் வேலையாக இந்த மாதமே பிரதேச செயலகத்துக்குச் சென்று, உங்கள் வாகன இலக்கத்தைச் சொல்லி, கணக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. கேளாமல் இருந்தால் ஆண்டுக்கு ஆண்டு அது ஏறும்.