வீட்டு மின் திருத்தம்: யாரிடம் கொடுப்பது? எதைக் கேட்டுப் பெறுவது?



மீள்குடியேறிய கிராமங்களுக்கு நாம் செல்லும் வேளைகளில் எமது மக்கள் பல தேவைகளை எடுத்துச் சொல்வார்கள். வீடு, கிணறு, பாதை, விதை, பிள்ளைகளின் படிப்பு என்று அந்தப் பட்டியல் நீளும். வீட்டின் மின் இணைப்பைப் பற்றி எவரும் தாமாகப் பேசத் தொடங்குவதில்லை. மின்சாரம் வந்துவிட்டது, குமிழ் எரிகிறது, அது போதும் என்றே எண்ணுகிறார்கள். ஆனால் விடைபெறும் நேரத்தில், மழை நாளில் சுவரைத் தொட்டால் உடம்பு அதிருகிறது, மோட்டரைப் போட்டால் வீடு முழுவதும் இருண்டுபோகிறது, மெயின் சுவிட்ச் பக்கம் கருகல் மணம் வருகிறது என்று கதையோடு கதையாகச் சொல்வார்கள்.

இவை எல்லாம் முன்னறிவிப்புகள். அவற்றைக் கவனியாது விட்டு, ஒருநாள் இரவில் எல்லாம் அணைந்த பிறகு ஆளைத் தேடுகிறோம். அந்த அவசரத்தில் அகப்பட்டவரிடம் வேலையைக் கொடுத்து, கேட்ட பணத்தையும் கொடுத்து, முன்னரிலும் ஆபத்தான ஒரு வீட்டைப் பெற்றுக்கொள்கிறோம். இதைத் தவிர்ப்பது எப்படி என்பதையே இம்முறை பார்க்கிறோம்.

இடையில் அறுந்த பழக்கம்

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமது காணிகளை விட்டு வெளியேறினார்கள். அந்த ஆண்டுக்குப் பின் குடாநாட்டில் நீண்ட காலமாகத் தேசிய மின் வலையமைப்பின் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். போர் முடிந்த 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னரே குடாநாடு மீண்டும் அந்த வலையமைப்போடு இணைந்தது. வன்னியிலும் பல கிராமங்களுக்கு அதன் பின்னரே மின்கம்பம் வந்தது.

ஆகவே எம்மிடையே ஒரு தலைமுறை மின்சாரமில்லாமல் வளர்ந்தது. எந்த வயரைத் தொடலாம், எந்தச் சத்தம் ஆபத்தானது, நல்ல வேலை எது, கெட்ட வேலை எது என்று பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் அறியும் வாய்ப்பு இடையில் அறுந்துவிட்டது. ஊருக்குத் தெரிந்த பழைய வயரிங்காரர்களிலும் பலர் இப்போது எம்மிடையே இல்லை. எனவே இன்று வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் நாம் அறியாத ஒருவரே.

அவசரத்தில் முதற்செயல்

மின்சாரம் நின்றால் முதலில் அயல்வீட்டைப் பாருங்கள். அங்கும் இல்லையாயின் குற்றம் வெளி இணைப்பில் உள்ளது. மின் பட்டியலில் அச்சிட்டுள்ள இலக்கத்துக்கு அறிவித்தால் போதும். இலங்கை மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிப்பதற்கு 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. பெயர்ப்பலகையில் என்ன பெயர் இருந்தாலும், மீற்றர் வரையுள்ள பகுதி விநியோகம் செய்பவரின் பொறுப்பு. மீற்றருக்குப் பின்னுள்ளது வீட்டுக்காரரின் பொறுப்பு. மீற்றரிலும் அதனருகிலுள்ள பெட்டியிலும் இட்ட முத்திரையை எவரும் உடைக்கக்கூடாது. "நான் உடைத்துச் செய்து தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் மட்டும் கருகல் மணம், தீப்பொறி, அதிர்வு இருந்தால், ஈரமில்லாத கையோடு மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். எரியும் வயரில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மின்சாரம் பிடித்துக்கொண்ட ஒருவரைக் கையால் இழுக்காதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால் காய்ந்த தடியால் வயரைத் தள்ளிவிடுங்கள். நிலத்தில் அறுந்து விழுந்த மின்கம்பிக்கு அருகே எவரையும் போகவிடாதீர்கள், ஆடுமாடுகளையும் போகவிடாதீர்கள்.

டிரிப் சுவிட்ச் சொல்லும் செய்தி

வலிகாமம் வடக்கில் ஒரு தோட்டக்கார வீட்டில் நாம் இருந்த வேளை ஒரு மின்னியலாளர் வந்திருந்தார். சின்ன வெங்காயத்துக்குத் தண்ணீர் விடவேண்டிய நாள் அது. மோட்டரைப் போட்டவுடன் டிரிப் சுவிட்ச் விழுந்துகொண்டிருந்தது.

"தம்பி, இந்தச் சுவிட்சைக் கழட்டிப்போட்டு நேரே குடுத்துவிடுங்கோ. தண்ணி விடாட்டில் பயிர் கருகிப்போகும்" என்றார் வீட்டுத் தலைவி.

"அக்கா, அது என்னாலை ஏலாது. இது சும்மா விழேல்லை. எங்கையோ கரண்ட் கசியுது. கழட்டிவிட்டால் நீங்கள் கிணத்தடியிலை ஈரக்காலோடை நிக்கேக்கை உங்களிலைதான் பாயும்" என்றார் அவர்.

அரை மணி நேரம் தேடி, கிணற்றுக் கட்டில் உரசித் தோல் தேய்ந்த வயரைக் கண்டுபிடித்தார். அந்தத் துண்டை மாற்றிய பின் சுவிட்ச் விழவில்லை. மாலைக்குள் பயிருக்குத் தண்ணீரும் போனது.

வீடுகளில் பூட்டப்படும் டிரிப் சுவிட்ச் சாதாரணமாக 30 மில்லி அம்பியர் கசிவில் இணைப்பைத் துண்டிக்கும்படி செய்யப்பட்டது. 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் ஒன்று எடுக்கும் மின்னோட்டமே அதைவிடக் கூடியது. அவ்வளவு சிறிய மின்னோட்டம் நெஞ்சினூடாகப் பாய்ந்தால் இதயத்துடிப்பு குழம்பி உயிர் போகக்கூடும். ஆகவே டிரிப் சுவிட்சைக் கழற்றி நேரடியாக இணைத்துத் தருபவர் உதவி செய்பவர் அல்லர். அவர் எவ்வளவு விரைவாக வந்தாலும், எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இந்தச் சுவிட்சில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். உடனே விழவேண்டும். விழாவிட்டால் சுவிட்ச் பழுது. அதை மாற்றியே ஆகவேண்டும்.

பெட்டியை ஏன் மாற்றவேண்டும்?

பல வீடுகளில் வயரிங் செய்த காலத்தில் இரண்டு மூன்று குமிழும் ஒரு பிளக்குமே இருந்தன. இன்று அதே வயரில் குளிர்சாதனப் பெட்டி, சோற்றுக் குக்கர், மின் அழுத்தி, மோட்டர் எல்லாம் தொங்குகின்றன. எமது மின்சாரம் 230 வோல்ற்று. 2000 வாற்றுக் கேத்தல் ஒன்று ஏறத்தாழ 9 அம்பியர் எடுக்கும். 1000 வாற்று அழுத்தி 4 அம்பியருக்குச் சற்று மேல். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 5 முதல் 7 அம்பியர் வரை எடுக்கும், தொடங்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு. மூன்றும் ஒன்றாக ஓடினால் 20 அம்பியரை எட்டும். குமிழுக்கென்று இழுத்த 1 சதுர மில்லிமீற்றர் வயர் இதைத் தாங்காது. அது சுவருக்குள்ளேயே சூடேறி உருகும். பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டால் அந்தச் சூட்டைத் தடுக்க எதுவுமே இல்லை.

எனவே விநியோகப் பெட்டியை மாற்றும்போது பின்வருவன இருக்கவேண்டும்:

1. எல்லாவற்றையும் ஒரே தடவையில் நிறுத்தும் மெயின் சுவிட்ச்.

2. 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச். இது கசிவை மட்டுமே காக்கும். அதிக பாரத்தைக் காக்காது.

3. ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனிச் சிறு பிரேக்கர். குமிழ்களுக்கு 6 அம்பியர் போதும். பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் அதற்கேற்ற பிரேக்கரும் வேண்டும். மோட்டருக்குத் தனிப் பாதை வேண்டும்.

4. ஏர்த் கம்பி. சாதாரண வீடுகளில் இதை வீட்டுக்காரரே நிலத்தில் நாட்டவேண்டும். குடாநாட்டில் பல இடங்களில் மேல்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் இருப்பதால் கம்பி ஆழமாக இறங்காது. கோடையில் மண் காய்ந்தால் ஏர்த் மேலும் பலவீனமாகும். ஆகவே ஈரம் நிற்கும் இடத்தைத் தெரிந்து நாட்டி, கருவியால் அளந்து பார்க்கவேண்டும்.

பெட்டியை மட்டும் புதிதாக்கி உக்கிய வயரை அப்படியே விட்டால் பயனில்லை. இருபது முப்பது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பியவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். எலி கடித்தது, குழாய்க்குள் நீர் நின்றது, தோல் பொடியாய்ப் போனது எதுவும் வெளியே தெரியாது. பழைய வயரைச் சோதிக்காமல் மின்சாரம் கொடுக்கக்கூடாது.

ஆளைத் தெரிவு செய்தல்

வேலை கேட்டு வருபவரிடம் சான்றிதழ் கேட்பது அவமதிப்பு அல்ல. மின்னியலாளர்களுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., வழங்கப்படுகிறது. 3 ஆம் அல்லது 4 ஆம் மட்டத்துச் சான்றிதழ் உள்ளவரா என்று கேளுங்கள். நல்ல வேலைகாரர் அதை மகிழ்ச்சியோடு காட்டுவார். முன்னர் எந்த வீட்டில் வேலை செய்தார் என்று கேட்டு, அந்த வீட்டாரிடம் விசாரியுங்கள். வயரின் தோலைச் சோதிக்கும் மெகர் கருவி அவரிடம் உண்டா என்றும் கேளுங்கள். சோதிக்கும் திருகாணிச்செலுத்தி ஒன்றை மட்டும் சட்டைப்பையில் வைத்திருப்பவர் குமிழ் மாற்றலாம். பெட்டி மாற்ற அது போதாது.

விலை பேசும்போது கூலியையும் பொருட்களின் விலையையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். பொருளின் பெயர், அளவு, எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கவேண்டும். இயலுமானால் பொருட்களை நீங்களே கடையில் வாங்கி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள வயரையே வாங்குங்கள். பிளக்குகளைப் புதிதாகப் பூட்டுவதானால் நாட்டின் தரநிலையான 13 அம்பியர் சதுரக்கால் வகையையே பூட்டுங்கள். கூலி முழுவதையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். சோதனை முடிந்த பின் கொடுக்க ஒரு பகுதியை வைத்திருங்கள்.

இரவு அவசரத்துக்கு வந்தவரிடம் அன்றிரவே முழுப் பெட்டியையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். பழுதான பாதையை மட்டும் பாதுகாப்பாகத் துண்டித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மிகுதியைப் பகலில், விலை எழுதிப் பேசி, ஆறுதலாகச் செய்யலாம். ஓர் இரவு விளக்கில் இருப்பது எமக்குப் புதிதல்ல.

வேலை முடிந்ததும் மூன்றைக் கண்ணால் காணுங்கள். மெகர் அளவு 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். ஏர்த் அளவை எழுதித் தரவேண்டும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் டிரிப் சுவிட்ச் விழவேண்டும். எந்தப் பிரேக்கர் எந்த அறைக்கு என்பதைப் பெட்டியின் மூடியில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் அதை வாசிக்கட்டும்.

ஜெனரேற்றர் வைத்திருப்போருக்கு

2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் சிலர் சிறிய ஜெனரேற்றர்களை வாங்கினார்கள். இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் அதைச் சுவர் பிளக்கில் செருகுவது மிகக் கொடிய பழக்கம். அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்கும் போகும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் இறக்க நேரிடும். இடையில் மாற்றுச் சுவிட்ச் ஒன்றைப் பூட்டிய பின்னரே ஜெனரேற்றரை வீட்டோடு இணைக்கலாம்.

சொந்தக் காணி இல்லாதோர்

இன்னும் உறவினர் காணியிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்கள் பெட்டியை மாற்ற முடியாமல் இருக்கலாம். அயல்வீட்டிலிருந்து வேலிக்கு மேலாக வயர் இழுத்து வாழ்வோரும் உண்டு. இவ்வாறானவர்கள் குறைந்தது இரண்டு காரியங்களைச் செய்யலாம். மின்சாரம் தரும் வீட்டின் டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று வீட்டுக்காரரோடு சேர்ந்து சோதியுங்கள். இழுத்த வயரில் ஒட்டும் மூட்டும் இல்லாமல், கதவிடுக்கிலும் பாயின் கீழும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து செய்தால் செலவு குறையும்

ஒரு வீட்டுக்காக நகரத்திலிருந்து நல்ல மின்னியலாளரை அழைத்தால் போக்குவரத்துச் செலவே பெரிதாகிவிடும். பத்து வீடுகள் சேர்ந்தால் அந்தச் செலவு பங்கிடப்படும். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ பங்குச் சபையோ இதை ஒழுங்கு செய்யலாம். ஒருநாளில் பத்து வீடுகளையும் சோதித்து, உடனே திருத்தவேண்டியவை எவை, அறுவடைக்குப் பின் திருத்தக்கூடியவை எவை என்று பட்டியல் எடுக்கலாம். பொருட்களையும் மொத்தமாக வாங்கலாம். தொழிற்பயிற்சி பெற்ற ஊர்ப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த அவசரத்தில் அழைப்பதற்கு ஊரிலேயே ஒருவர் இருப்பார்.

எத்தனையோ இழப்புகளுக்குப் பின் எழுப்பிய வீடுகள் இவை. அடுத்த மாரி மழை தொடங்குமுன் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். அதற்கு முன், இன்றைக்கே உங்கள் வீட்டு டிரிப் சுவிட்சின் பொத்தானை ஒருதரம் அழுத்திப் பாருங்கள்.