பொம்மை வீரர்

சென்ற விடுமுறையில் என் மருமகனின் அறைக்குட் புகுந்தேன். முப்பது வயதைக் கடந்தவன். சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய பொம்மை வீரர்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான். "இஃதென்ன பிள்ளை விளையாட்டு?" என்று கடிந்தேன்.

"மாமா, இவை பொம்மைகள் அல்ல," என்றான்.

சொல்வழக்கென்றாற் பண்டிதன் விடுவானோ? விசாரித்தேன். 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனத்தார் 21 அசையும் உறுப்புகளுடன் 'ஜீ.ஐ. ஜோ' என்னும் போர்வீரனை விற்பனைக்கு விட்டனராம். பொம்மையென்றால் ஆண்பிள்ளைகள் தீண்டார் என்றஞ்சி, 'அக்‌ஷன் பிகர்' எனப் பெயர் சூட்டினராம். நாணத்தாற் பிறந்த பெயர்! நமக்கோ பாவையென்னும் ஒரு சொல்லே அமையும். கண்மணியும் பாவை, கொல்லிமலைத் தெய்வமும் பாவை.

மருமகன் ஒரு வீரனை எடுத்தான். நேரே நிறுத்தினான்; வெறுங் கட்டை. பின், உடற்பாரத்தை ஒரு காலில் ஏற்றி, இடையை ஒசித்து, அப்பக்கத்துத் தோளைச் சற்றே தாழ்த்தி, முகத்தை மறுபுறந் திருப்பினான். கட்டை காவலாளனாயிற்று. பொலன்னறுவையிற் கிடைத்துக் கொழும்பு நூதனசாலையில் இருக்கும் உமையின் படிமத்தில் இவ்வொசிவையன்றோ மாணாக்கருக்கு வியந்துரைத்தேன்!

கடிந்த சொல்லை மீட்க வகையறியாது, சரிந்துகிடந்த வீரனொருவனை எடுத்து நீட்டினேன்.

"நீங்களே நிறுத்துங்கள், மாமா."

மும்முறை நிறுத்தினேன், மும்முறையும் விழுந்தான்.