ஏறும்போது இல்லாத வலி

வங்கி நாற்காலியில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். ஓய்வுக்குப் பின் போடிமெட்டுச் சரிவில் இரண்டு ஏக்கர் ஏலம், ஊடே மிளகு. மூன்றாம் வருஷம் இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது உயிர் போகும். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

நொண்டுவதைப் பார்த்து, காய் எடுக்க வரும் அக்கா ஒருவர் சிரித்தார். "எங்களுக்குப் பத்து வருஷமா இப்படித்தான் சார். சொன்னா நாளைக்கு வேலைக்குக் கூப்பிடமாட்டாங்க."

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், மூட்டுத் தேய்மானம் என்றார். எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நடக்கையில் பஞ்சுபோல் அமுங்கி விரிந்து, மூட்டுத் திரவத்திலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நரம்பில்லாததால் தேய்வது ஆரம்பத்தில் தெரியாது. சுற்றியுள்ள சவ்வும் எலும்பும் பாதிக்கப்பட்ட பிறகே வலிக்கும். நம் மண் கெட்ட கதையும் இதேதானே!

சமதளத்தில் நடந்தாலே உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் முழங்காலில் விழுகிறது. இறக்கத்தில் இன்னும் கூடும். போதாததற்கு ஏலச் சரம் தூரில், மண்ணை ஒட்டிப் படர்கிறது. காய் எடுக்க நாள் முழுக்கக் குத்தவைக்க வேண்டும்.

தேய்ந்தது திரும்ப வளராது. ஆனால் வலியைக் குறைக்கலாம். நடையை அடியோடு நிறுத்தினால் தொடைத் தசை மெலிந்து, வலி கூடும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்துங்கள். காலுக்குப் பத்து முறை, தினமும். ஊன்றுகோலை வலிக்காத பக்கத்துக் கையில் பிடியுங்கள். அதிக எடை உள்ளவர் ஒரு கிலோ குறைத்தால், அடிக்கு அடி சுமார் நான்கு கிலோ பாரம் குறையும். வலி மாத்திரையைக் கேட்காமல் தொடர்ந்து விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். மூட்டு வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.

தோட்டத்திலும் இரண்டு மாற்றம் செய்தேன். நேர் இறக்கமாக இருந்த ஒற்றையடிப் பாதையை வளைத்து வளைத்து வெட்டினேன். போடிமெட்டு ரோட்டில் வண்டிக்காக 17 கொண்டை ஊசி வளைவு போட்டார்கள். காலுக்கு நாலு வளைவு போடக்கூடாதா? காய் எடுப்பவர்களுக்கு முக்கால் அடி உயர மர முக்காலி செய்து கொடுத்தேன். முதல் வாரம் கேலி பேசினார்கள். இப்போது வந்ததும் முக்காலியைத்தான் தேடுகிறார்கள்.

இப்போதும் இறங்கும்போது வலிக்கிறது, ஆனால் தாங்கும் அளவுக்கு. குத்தகைப் பேச்சை விட்டுவிட்டேன். நஞ்சில்லாத ஏலம் என்று சொல்லி விற்கிறோம். அதை எடுக்கிறவர் முழங்காலையும் நாம்தானே பார்க்க வேண்டும்?