பராக்குப் பார்க்கும் பாப்பா!

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே தறி. பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள் அங்கேயே உட்கார்ந்துதான் ஐந்து மாதக் குழந்தைக்குப் பால் கொடுப்பாள். நாடா ஓடும் சத்தம் கேட்டால் போதும், குழந்தை பாதியில் வாயை எடுத்துத் திரும்பிப் பார்க்கும். "உனக்குப் பால் பத்தலைடி, புட்டிப்பால் கரைச்சுக் குடு" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. மகள் அழுதே விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. இவள் கைக்குழந்தையாய் இருந்தபோது இதே பேச்சைக் கேட்டுத்தான் நான் புட்டியைத் தொட்டேன். குழந்தை குடிக்கக் குடிக்கத்தானே பால் ஊறும்? எனக்குச் சீக்கிரமே வற்றிவிட்டது.

நான்கைந்து மாதத்தில் பராக்குப் பார்ப்பது வளர்ச்சிதான், சகோதரிகளே! உள்ளறையில், ஜன்னலைச் சாத்தி, பேச்சில்லாமல் பால் கொடுங்கள். தூங்கி எழுந்த அரைத்தூக்கத்தில் நன்றாகக் குடிக்கும். பிடித்துக்கொள்ள முந்தானையைக் கொடுங்கள். வாயை எடுத்தால் அதட்டாமல், சற்றுப் பொறுத்து மறுபடி கொடுங்கள். பகலில் விட்டதைப் பல குழந்தைகள் இரவில் ஈடுகட்டிவிடும். நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போய், எடையும் ஏறினால் பால் போதும் என்று அர்த்தம். எடை ஏறாவிட்டாலோ, சோர்ந்து கிடந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளியே போனாலும் மறைவிடம் தேடலாம். 2015 முதல் நம் தமிழ்நாட்டு பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் அமைத்திருக்கிறார்களே!

இப்போது என் பேத்தி உள்ளறையில் வயிறாரக் குடிக்கிறாள். குடித்து முடித்ததும் கூடத்துக்கு வந்து ஆசை தீரத் தறியைப் பார்க்கிறாள்!